கார் ஷெட் கதவுக்கு மூன்று முட்டு

ஜூன் மாதத்து முதல் சனிக்கிழமை காலையில் வெல்டா ஸ்டோவர் தன் வீட்டுக் கார் ஷெட்டில் மண்டி போட்டு, தரையை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவை ஒட்டி மூன்று ஓட்டைகள் இருக்க வேண்டிய இடம். ஒன்றுகூட இல்லை. சாம்பல் நிறத்தில் வெள்ளையும் நீலமுமாகப் பொடி தூவிய பெயிண்ட், கண்ணாடி போல வழவழவென்று ஒரே சீராகப் போயிருந்தது. குனிந்தால் முகம் தெரிந்தது.

அவளுக்குப் பின்னால், நீளமான பைன் மர மேஜையில், அவள் கணவன் கேலனும் எதிர்வீட்டு எல்ராயும் டாமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் பெரிய மின்விசிறி இரைந்துகொண்டிருந்தது.

"கேலன், ஓட்டை எங்க?"

"எந்த ஓட்டை?"

"புயலுக்குக் கதவுக்கு முட்டுக் கொடுக்குற காலோட போல்ட்டு இறங்குற ஓட்டை. மூணு இருந்துச்சே."

மேஜையில் கட்டைகள் உரசும் சத்தம் நின்றது.

"அதுவா," என்றான் கேலன். "அடைச்சுட்டேன்."

"எதை அடைச்ச?"

"ஓட்டையைத்தான். தரையில இருக்குற குழி, வெடிப்பு எல்லாத்தையும் அடைச்சு, காய விட்டு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டுத்தான் பெயிண்ட் அடிக்கணும்னு டப்பாவுல போட்டிருந்துச்சு. ஒண்ணு விடாம அடைச்சேன்."

அவன் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதுதான் வெல்டாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஓட்டை மேல பித்தளை மூடி இருந்துச்சே. அதைப் பார்த்துமா உனக்கு ஒண்ணும் தோணல?"

"மூடியெல்லாம் கழட்டிப் பத்திரமா வச்சிருக்கேன். காபி டப்பாவுல. வேணுமா?"

எல்ராய் தன் கையிலிருந்த கட்டைகளை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டான்.

லோரி விரிகுடாக் கரை ஊரில் கார் ஷெட் என்பது காருக்காக மட்டும் கட்டியதல்ல. ஒரு பாதியில் கார் நிற்கும். மறு பாதியில் மீனும் இறாலும் உறைந்து கிடக்கும் ஃப்ரீசர், தூண்டில்கள், நாற்காலிகள். சாயங்காலம் கதவை மேலே ஏற்றிவிட்டால் தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாரும் உள்ளே வந்து உட்காருவார்கள். அதனால்தான் கேலன் அந்தத் தரையை அவ்வளவு பாடுபட்டு மினுக்கினான். மார்ச் மாதத்தில் மகளின் பிரசவத்துக்காக வெல்டா டென்னசி போயிருந்த மூன்று வாரத்தில், அவளுக்குத் தெரியாமல், அவள் வந்து அசந்து போக வேண்டும் என்று செய்தது. அவளும் அசந்துதான் போனாள். "இது நம்ம வீடுதானா" என்று கேட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தாள். படம் எடுத்துத் தேவாலயத்துப் பெண்களுக்கெல்லாம் அனுப்பினாள். அன்றைக்கே ஒரு நிமிடம் குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இப்போது அந்த நினைப்பும் சேர்ந்து அவளைக் குத்தியது.

ஏனென்றால் மெக்சிகோ வளைகுடாவில் புயல் ஒன்று கிளம்பி, பெயரும் வைத்தாகிவிட்டது. திங்கட்கிழமை கரைக்கு வரும் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புயல் மாதங்கள் பிறந்து ஒரு வாரம் கூட ஆகவில்லை.

"ஜூன் மாசத்துப் புயலெல்லாம் ஒரு புயலா, மிஸ் வெல்டா," என்றான் எல்ராய். அவளைவிட மூன்று வயது மூத்தவன், மனைவியை இழந்தவன். ஆனாலும் ஊர் வழக்கப்படி, மரியாதைக்கு, அவனுக்கு அவள் எப்போதும் மிஸ் வெல்டாதான். "அது மழை. பேரு வச்சுட்டா புயலாயிடுமா? எங்க வீட்டு நாய்க்குக்கூடத்தான் ஜெனரல்னு பேரு."

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க."

எல்ராய் மறுபடியும் கட்டைகளைப் பார்க்க ஆரம்பித்தான்.

போன தடவை என்பது ஏழு வருடத்துக்கு முந்தைய புயல். அதில் இந்த வீட்டில் முதலில் போனது ஜன்னலோ சுவரோ அல்ல. இந்தக் கதவுதான். இரண்டு கார் நுழையும் அகலத்துக்கு மெல்லிய தகரத்தில் செய்த கதவு. முட்டுக் கொடுக்க அப்போது அவர்களிடம் எதுவும் இல்லை. எல்ராய் சொன்ன யோசனைப்படி கேலன் தன் பிக்கப் லாரியை ஷெட்டுக்குள் கொண்டுவந்து, முன்பக்கம் கதவில் இடிக்கும்படி நெருக்கி நிறுத்தினான். லாரியின் கனம் கதவைத் தாங்கும் என்பது கணக்கு. இந்தக் கரையில் பாதிப் பேர் இன்றைக்கும் அதை நம்புகிறார்கள். காற்று கதவை உள்பக்கமாக மடக்கி, அது ஓடுகிற தண்டவாளத்திலிருந்து பிடுங்கியது. லாரியைத் தள்ளிக்கொண்டு போய்த் துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் ஏற்றியது. அப்புறம் வீட்டுக்குள் புகுந்த காற்றுக்கு வெளியே போக வழி இல்லை. கூரையைத் தூக்கிக்கொண்டு போனது. வெல்டாவும் கேலனும் குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்து மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்கள். சத்தம் அடங்கி மெத்தையை இறக்கிப் பார்த்தபோது வானம் தெரிந்தது.

பிறகு இரண்டு வருடத்துக்கு மேல், வாசலில் நிறுத்திய டிரெய்லர் வீடு ஒன்றில் குடித்தனம். கேலன் படகு எஞ்சின் பழுது பார்க்கிறவன். பகலெல்லாம் அந்த வேலை, மீதி நேரமெல்லாம் வீட்டு வேலை. கூரை ஓடுகளில் கடைசியையும் ஆணி அடித்து முடித்த நாளில், ஏணியிலிருந்து இறங்கி அவன் சொன்னான்:

"இன்னொரு தடவை கூரை போச்சுன்னா நான் கட்ட மாட்டேன், கண்ணு. எங்க அக்கா வீட்டுக்குப் பக்கத்துல மனை கிடக்குது. அலபாமாவுக்குப் போயிடலாம்."

கோபத்தில் சொல்லியிருந்தால் வெல்டா மறந்திருப்பாள். அவன் அமைதியாகச் சொன்னான்.

வெல்டா இந்த விரிகுடாவின் கரையில் பிறந்தவள். அப்பா சிப்பி எடுத்தவர். வேறு எந்த ஊரிலும் அவள் குடியிருந்ததில்லை, இருக்கவும் நினைத்ததில்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையலறையை ஓய்வு பெறும்வரை நடத்தியவள் அவள்தான். கடையில் எதிர்ப்படும் பாதிப் பேர் அவள் கையால் சோளக் கஞ்சி வாங்கிக் குடித்தவர்கள். எந்தக் கரண்டி எந்தக் கொக்கியில் தொங்க வேண்டும் என்பதில் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தாள். புதுக் கதவு போட்டபோது, கதவுக்குப் பின்னால் நட்டு வைக்கிற மூன்று அலுமினிய முட்டுக்கால்களையும் சேர்த்து வாங்கினாள். மேல் நுனி கதவுக்கு மேலே சுவரில் பதித்த இரும்புப் பிடியில் மாட்டும். கீழ் நுனி, தரையில் பதித்த, உள்ளே திருகுமரை உள்ள ஓட்டைக்குள் போல்ட்டால் இறுகும். ஒவ்வொரு ஜூனிலும் முதல் சனிக்கிழமை, புயல் இருக்கிறதோ இல்லையோ, மூன்றையும் மாட்டி, அசைத்துப் பார்த்து, மறுபடி கழற்றிச் சுவரில் தொங்கவிடுவாள். பள்ளிக்கூடத்தில் தீ விபத்து ஒத்திகை நடத்துகிற மாதிரி. கேலன் அதைப் பார்த்துச் சிரிப்பான்.

இன்றைக்கு அவன் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கடற்கரை மணலில் நாணயம், மோதிரம் தேடுகிற தன் கருவியை எடுத்து வந்தான்.

"ஓட்டைக்குள்ள இரும்பு மரைதானே இருக்கு. இது கண்டுபிடிச்சுடும்."

கருவியைத் தரைக்கு மேல் நீட்டினான். அது கீச்சிட்டது. ஒரு அடி நகர்த்தினான். கீச்சிட்டது. கதவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தான். நிறுத்தாமல் கீச்சிட்டுக்கொண்டே வந்தது. கான்கிரீட்டுக்குள் கம்பி வலை போட்டிருந்ததை மூன்று பேருமே மறந்துபோயிருந்தார்கள்.

"புதையல் மேலதான் வீடு கட்டியிருக்கீங்க, மிஸ் வெல்டா," என்றான் எல்ராய்.

"அதை நிறுத்து, கேலன். தலை வலிக்குது."

அவன் நிறுத்தினான். அந்த அமைதியில் எல்ராய் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நான் வேணும்னா என் லாரியைக் கொண்டாந்து..." என்று ஆரம்பித்தான்.

"எல்ராய், உங்களுக்குக் காபி வேணுமா, வீட்டுக்குப் போகணுமா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க."

"காபி," என்றான் எல்ராய்.

வெல்டா காபி போடப் போகவில்லை. கதவைக் கீழே இறக்கச் சொல்லிவிட்டு, நின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தரையில் எதுவும் மிச்சமில்லை. ஆனால் கதவுக்கு மேலே சுவரில் மூன்று இரும்புப் பிடிகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. முட்டுக்கால் நேர்குத்தாக நிற்கிறது. மேல் நுனி எங்கே என்று தெரிந்தால் கீழ் நுனியும் தெரிந்த மாதிரிதான். இதற்கு இவ்வளவு நேரமா என்று தன் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

கேலனின் தூண்டில் பெட்டியைத் திறந்து பெரிய ஈயக்குண்டு ஒன்றை எடுத்தாள்.

"அது கலவா மீனுக்குப் போடுற குண்டு," என்றான் கேலன்.

"தெரியும். நரம்பைக் கொடு. ஏணியைப் பிடி."

முதல் பிடியில் தூண்டில் நரம்பைக் கட்டித் தொங்கவிட்டாள். குண்டு தரைக்கு விரற்கடை மேலே வந்து நின்று, நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது.

"விசிறியை நிறுத்துங்க."

"இந்த வேக்காட்டுல செத்துப்போயிடுவேன், மிஸ் வெல்டா," என்றான் எல்ராய்.

"செத்தா இன்னும் நல்லது. மூச்சுக் காத்துகூட இல்லாம குண்டு ஆடாம நிக்கும்."

விசிறி நின்றது. கதவும் மூடியிருந்ததால் ஷெட் அடுப்பு மாதிரி காய்ந்தது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டிப் பளபளத் தரையில் விழுந்தது. குண்டு மெல்ல அடங்கியது. அதன் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். கடைசிப் பிடியிலும் அப்படியே. நடுப்பிடியில்தான் தொல்லை. அதற்கு நேர் மேலே கதவைத் தூக்குகிற மோட்டாரின் நீளத் தண்டு ஓடியது. அதிலிருந்து தொங்கிய சிவப்புக் கயிறு நரம்போடு பின்னிக்கொண்டு குண்டை இழுத்தது. இரண்டு தடவை விலக்கிப் பார்த்தாள். மூன்றாவது தடவை எரிச்சலோடு கயிற்றைச் சுருட்டித் தண்டுக்கு மேலே வீசினாள். அது அங்கேயே கண்ணுக்குத் தெரியாமல் கிடந்தது. குண்டு அடங்கியது. மூன்றாவது புள்ளியும் வைத்தாயிற்று.

அப்புறம் உளியும் சுத்தியலும். முதல் அடியில் பெயிண்ட் சில்லு சில்லாகப் பெயர்ந்தது. கேலன் தன் விலாவில் அடி விழுந்த மாதிரி முகத்தைச் சுளித்தான்.

"மெதுவா, கண்ணு."

"மெதுவாத்தான் அடிக்கிறேன்."

"ரெண்டு பூச்சு போட்டேன். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவுல ஒரு நாள் காத்திருந்தேன்."

"ஓட்டையையும் அதே மாதிரிக் காத்திருந்து நல்லா அடைச்சிருக்க. கல்லு மாதிரி இருக்கு."

பெயிண்ட்டுக்கு அடியில் கான்கிரீட் சாம்பலாகத் தெரிந்தது. அதில் ஓரிடத்தில் மட்டும் காசளவுக்கு வெளுப்பு. கேலன் வைத்து அடைத்த பசை. புள்ளியிலிருந்து கட்டை விரல் அகலம் தள்ளித்தான் இருந்தது. வெல்டா ஆணியால் குடைந்தாள். உள்ளே இரும்பு மரை மினுங்கியது. மற்ற இரண்டும் இதேபோல அகப்பட்டன. சுற்றிலும் தரை அம்மை வடு மாதிரி ஆகியிருந்தது.

அதோடு முடியவில்லை. போல்ட்டைச் சொருகித் திருகினால் இரண்டு சுற்று இறங்கி, இறுகி நின்றது. மரையின் பள்ளமெல்லாம் பசை. மூன்றிலும் அதே கதை. கடைகளில் புதிதாக எதுவும் கிடைக்காது. புயலுக்குப் பெயர் வைத்த மத்தியானமே பலகை, போல்ட்டு, தண்ணீர், பேட்டரி எல்லாம் வழித்துத் துடைத்தாற்போல் போய்விடும். வெல்டா சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்தாள்.

"நீ வேணும்னே இப்படிச் செஞ்சிருந்தாக்கூட இவ்வளவு ஒழுங்கா வந்திருக்காது, கேலன்."

கேலன் ஒரு பழைய போல்ட்டை இடுக்கியில் பிடித்து, இரும்பு அறுக்கும் வாளால் அதன் நீளவாக்கில் ஒரு வெட்டுக் கோடு போட்டான். படகு எஞ்சின்களில் உப்பேறிய மரைகளைச் சுத்தம் செய்கிற வழி அது. எண்ணெய் விட்டு அதை ஓட்டைக்குள் திருகினான். கால் சுற்று உள்ளே, கால் சுற்று வெளியே. வெட்டுக் கோட்டில் பசைத்தூள் சேர்ந்து வந்தது. துடைத்துவிட்டு மறுபடி. முதல் ஓட்டைக்கே சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. எல்ராய் போய்ப் புகை போட்ட மடவை மீனும் பிஸ்கட் ரொட்டியும் கொண்டுவந்தான். வெல்டா நின்றபடியே சாப்பிட்டாள். மூன்றாவது ஓட்டை தயாரானபோது வெளியே பொழுது சாய்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போகவில்லை. காரை வெளியே எடுத்து வாசலில் நிறுத்திவிட்டு, கதவை இறக்கி, மூன்று முட்டுக்கால்களையும் மாட்டி இறுக்கினார்கள். வெல்டா கதவில் தோளைக் கொடுத்து முட்டித் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை. நடுக்காலை ஒரு தட்டுத் தட்டினாள். கணீரென்றது.

"இப்பத்தான் எனக்கு மூச்சு வருது," என்றாள்.

"அப்ப நான் செஞ்சதெல்லாம்?"

"நீ அடைச்சதை நீயே திறந்த. அதுக்குப் பாராட்டு விழாவா?"

இரண்டு நாள் எரிச்சலும் குரலில் அப்படியே இருந்தது. ஜெனரேட்டருக்குப் பெட்ரோலும் ஐஸும் வாங்க அவளே காரை எடுத்துக்கொண்டு போனாள். பெட்ரோல் பங்கில் வரிசை சாலை வரைக்கும் நின்றது. ஐஸ் கடையில் ஒருவருக்கு இரண்டு பைதான் என்றார்கள். திரும்பும்போது முதல் மழை வந்துவிட்டது. பக்கவாட்டில் அடிக்கிற மழை. கண்ணாடி துடைப்பான் எவ்வளவு வேகமாக ஓடியும் முன்னால் எதுவும் தெரியவில்லை. வழியெல்லாம் அவள் வாய்க்குள் கேலனைத் திட்டிக்கொண்டே வந்தாள். படிக்கத் தெரிகிறது, டப்பாவில் போட்டிருப்பதை எழுத்து விடாமல் படிக்கத் தெரிகிறது, பித்தளை மூடி எதற்கு என்று யோசிக்க மட்டும் தெரியவில்லை.

வீட்டு முன்னால் தபால் பெட்டி நிற்கிற இடத்தில் கார் திரும்பியது. இத்தனை வருடமாக அந்த இடத்தில் கார் திரும்பும்போது அவள் செய்வது ஒன்றுதான். கை தானாக மேலே போகும். வெயில் மறைப்பில் செருகியிருக்கிற ரிமோட்டை விரல் அமுக்கும். காரும் கதவும் ஒரே நேரத்தில் வந்து சேரும்.

விரல் அமுக்கியது.

மழைச் சத்தத்துக்கு மேலே மோட்டார் உறுமுவது கேட்டது. கதவின் மேல் பலகை நடுவில் புடைத்தது. தகரம் நெரிகிற சத்தம். பிறகு ஏதோ ஒன்று பட்டென்று விட்டது. கதவின் இடது மேல் மூலை சாய்ந்து நின்றது.

முட்டுக்கால் மாட்டினால் மோட்டாரைக் கதவிலிருந்து விடுவிக்க வேண்டும். அதற்குத்தான் அந்தச் சிவப்புக் கயிறு. ஒவ்வொரு ஜூனிலும் முட்டுக்கால் மாட்டியதும் அதை இழுத்துவிடுவது அவள் வேலை. கேலனுக்கு அது வேலை என்றே தெரியாது. கயிறு கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்திருந்தால் கை தானாகப் போயிருக்கும். நேற்று அவளேதான் அதைச் சுருட்டி மேலே வீசினாள்.

வெல்டா இன்ஜினை நிறுத்திவிட்டுக் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கேலன் முன்வாசல் வழியாக ஓடிவந்து, மழையில் நின்று கதவைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்தான். அவள் கண்ணாடியை இறக்கினாள். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று இருந்தாள்.

"ஐஸ் உருகுது," என்றான் கேலன். "உள்ள எடுத்துட்டு வா."

அவன் திட்டியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

உள்ளே போய்ப் பார்த்தார்கள். முட்டுக்கால்கள் மூன்றும் அசையாமல் நின்றன. ஆனால் மோட்டார் இழுத்த இழுப்பில் மேல் பலகை நடுவில் மடிந்து, ஓர் ஓரத்துச் சக்கரம் தண்டவாளத்தை விட்டு வெளியே வந்திருந்தது. மேலே கை நுழைகிற அளவுக்குச் சந்து. அதன் வழியாக மழை உள்ளே தெறித்துக்கொண்டிருந்தது. காற்றுக்கு அவ்வளவு இடம் போதும். மடிந்த தகரம் காலையில் முதல் வீச்சுக்கே கிழிந்துவிடும். ஒரு பலகை கிழிந்தால் மற்றப் பலகைகளும் தாங்காது.

"நல்ல கனமான கட்டை ஒண்ணு, இந்தச் சுவர்ல இருந்து அந்தச் சுவர் வரைக்கும் குறுக்க அடிச்சா தாங்கும்," என்றான் கேலன்.

"கட்டைக்கு எங்க போறது? கடையில ஒரு பல்லுக்குச்சிகூட இல்ல. நான் இப்பத்தான் பார்த்துட்டு வந்தேன்." வெல்டா ஐஸ் பையைத் தரையில் இறக்கினாள். "நானே அமுக்கினேன், கேலன். புயல் வர்றதுக்கு முன்னாடியே நானே அமுக்கி உடைச்சுட்டேன்."

சத்தம் கேட்டு எல்ராயும் மழைக் கோட்டோடு வந்து நின்றிருந்தான். கதவைப் பார்த்தான். இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சரி," என்றான் தயங்கித் தயங்கி. "இப்ப வேற வழியில்லைன்னா, என் லாரி..."

"வேண்டாம்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

கேலன் ஷெட்டின் நடுவில் நின்று டாமினோ மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த மேஜையின் மேல்பக்கம் இரண்டு நீளப் பைன் கட்டைகள். பழைய கூரையின் உத்திரங்கள் அவை. மூன்று வீடு தள்ளி ஒரு குளத்துக்குள் கிடந்ததைத் தேடி இழுத்துவந்து, காய வைத்து, இழைத்து அவனே செய்தது. ஷெட்டில் பாதி இடத்தை அடைக்கிறது என்று வெல்டா வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவாள்.

கேலன் டாமினோ கட்டைகளைப் பெட்டிக்குள் தள்ளி எல்ராய் கையில் கொடுத்தான். மேஜையைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் இருந்த திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தான்.

"அதைப் பிரிக்காத," என்றாள் வெல்டா.

"கூரை போனா அலபாமாவுக்குத்தான் போகணும். அங்க எங்க அக்கா ஆட்டத்துல பேசவே விட மாட்டா. பேசாம ஆடுறதுக்கு டாமினோ எதுக்கு?"

எல்ராய் ஏணியைப் பிடித்தான். கம்பி ஒன்றை நெம்புகோலாக்கிச் சக்கரத்தைத் தண்டவாளத்துக்குள் தள்ளினார்கள். இரண்டு தடவை நழுவியது. மூன்றாவது தடவை கேலனின் விரல் நசுங்கியது, சக்கரம் உட்கார்ந்தது. மடிந்த தகரத்தைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, ஓர் உத்திரத்தை மேல் பலகைக்குக் குறுக்கே வைத்து, இரு நுனியையும் சுவருக்குள் இருக்கும் மரச்சட்டங்களில் நீளத் திருகாணிகளால் இறுக்கினார்கள். இரண்டாவதை அதற்குக் கீழே. வெல்டா பழைய துண்டுகளைக் கிழித்துச் சந்தில் திணித்தாள். கடைசியாக ஏணியில் ஏறி, தண்டுக்கு மேலே கிடந்த சிவப்புக் கயிற்றைத் தேடி எடுத்து இழுத்தாள். டக்கென்று விடுபட்டது. இனி விடுபட்டு என்ன.

காற்று திங்கட்கிழமை விடிந்த பிறகு வந்தது. மூவரும் வீட்டுக்குள் இருக்கும் நடையில், ஜன்னல் இல்லாத இடத்தில், முதுகைச் சுவருக்குக் கொடுத்து உட்கார்ந்தார்கள். குளியல் தொட்டியையும் மெத்தையையும் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை, ஆனால் மெத்தை பக்கத்தில்தான் இருந்தது. ஷெட்டுக்குப் போகிற கதவுக்கு அந்தப் பக்கம் உத்திரங்கள் முனகுவது கேட்டது. ஒவ்வொரு வீச்சுக்கும் வெல்டா தன் முழங்காலை இறுகப் பிடித்தாள். கூரை எங்கோ ஒரு தடவை தடதடத்தது. மறுபடி தடதடத்தது. அப்புறம் இல்லை. எல்ராய் பாதியில் தூங்கிவிட்டான்.

மத்தியானம் வெளியே வந்து பார்த்தார்கள். புயல் கடைசி நேரத்தில் மேற்கே விலகி, சதுப்புக் காட்டுக்குள் கரையேறிப் போயிருந்தது. இந்த ஊருக்கு அதன் ஓரம்தான் பட்டது. எல்ராய் வீட்டு ஓக் மரத்தில் ஒரு கிளை முறிந்திருந்தது. கேலன் வீட்டுக் கூரையில் ஓர் ஓடுகூட நகரவில்லை. தெரு முழுக்கக் கதவுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. நாற்காலிகள் வெளியே வந்தன. லாரியை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்த வீட்டுக் கதவும் நல்லபடியாகத்தான் ஏறியது.

"நான் அப்பவே சொன்னேன்ல, மிஸ் வெல்டா," என்றான் எல்ராய். "மழை."

இவர்கள் வீட்டுக் கதவு மட்டும் ஏறவில்லை. கதவுக் கடைக்காரன் வந்து பார்த்து, தலையைச் சொறிந்து, மேல் பலகை புதிதாக வர வேண்டும், புயல் மாதங்கள் முடிகிறவரை வேறு ஊர் வேலைகளே கை நிறைய இருக்கின்றன, நவம்பர் கடைசியில் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனான். அதுவரை முட்டுக்கால்களையும் உத்திரங்களையும் தொட வேண்டாம் என்றான். "இந்தத் தெருவுலயே கெட்டியான கதவு இப்ப உங்களோடதுதான், மேடம்," என்றும் சொன்னான். வெல்டாவுக்கு அதைக் கேட்டுச் சிரிப்பு வரவில்லை.

கார் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. மளிகைப் பைகளை முன்வாசல் வழியாக, கூடத்தைச் சுற்றிக்கொண்டு தூக்கிவர வேண்டியிருக்கிறது. ஆண்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கவிழ்த்து வைத்த ஐஸ் பெட்டியின் மேல் டாமினோ ஆடுகிறார்கள். கட்டைகள் சரிந்து சரிந்து விழுகின்றன. தபால் பெட்டி தாண்டிக் கார் திரும்பும்போது அவள் கை இன்னும் மேலே போகிறது. ரிமோட்டை அன்றைக்கே கேலன் எடுத்துவிட்டான். விரல் வெறும் துணியைத் தடவிவிட்டுத் திரும்பி வருகிறது.

ஜூலையில் ஒரு நாள் சாயங்காலம் வெல்டா சிவப்பு நகப்பூச்சுப் புட்டியோடு ஷெட்டுக்குள் வந்து, முட்டுக்கால்களின் அடியில் மண்டி போட்டாள். பெயர்ந்துபோன பெயிண்ட்டைச் சுற்றி, ஒவ்வொரு ஓட்டைக்கும் தடித்த வளையம் வரைந்தாள். குருடனுக்கும் தெரிகிற மாதிரி. கேலன் சமையலறை வாசலில் நின்று பார்த்தான். நசுங்கிய விரலின் நகம் இன்னும் கறுப்பாக இருந்தது.

"ரொம்ப அழகா இருக்கு," என்றான். "இன்னொரு பூச்சு போடு. நடுவுல ஒரு நாள் காய விடு."

அவள் வளையத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"கேலன், நீ எப்பத்தான் சொல்லப் போற?"

"எதை?"

"ரிமோட்டை நான் அமுக்கினதை. இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு அதுதான் தாங்கல."

கேலன் நிலைப்படியில் சாய்ந்துகொண்டான்.

"பெயிண்ட் அடிச்சதைப் பத்தி நீ சொல்லி முடிச்சதும் சொல்லலாம்னு இருக்கேன்."

வெல்டா நகப்பூச்சுப் புட்டியின் மூடியைத் திருகி மூடினாள். பெயிண்ட்டைப் பற்றி அவள் சொல்ல வேண்டியது நவம்பருக்கு முன்னால் முடிகிற மாதிரி அவளுக்குத் தெரியவில்லை.